பஸ் நிற்கும் நேரம்

மாமாவின் கம்ப்யூட்டரைப் பின்பக்கம் திருப்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காற்றுப் போகும் துளைகளின் மேல், பூப்போட்ட தலையணை உறை ஒன்றை நாலாக மடித்து, டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மாமா என் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்றிருந்தார்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். "நான் டிரைவர், நம்ம மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவர்" என்று அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பதை என் மனைவியே போட்டுக்கொடுத்திருந்தாள். இன்றைக்கு அந்த வாயை அடைத்துவிடுவது என்றுதான் தூசி ஊதும் புளோயரும் சூடு தணிக்கும் பேஸ்ட்டுமாக வந்திருந்தேன்.

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர், ஓய்வுபெற்ற பிறகு கம்ப்யூட்டர் விளையாட்டில் பஸ் ஓட்டுகிறார். மலைப்பாதை, மழை, பயணிகள் எல்லாம் உண்டு. ஒரு ஸ்டாப்பைக்கூட விடமாட்டார்.

மெஷின்தான் பழசு. மாலையில் கொஞ்ச நேரம் ஓட்டினால் கிராபிக்ஸ் கார்டு கொதித்து, பஸ் மலையேறும்போதே எல்லாம் அணைந்துவிடும்.

"இன்ஜின் சூடாகுது, அவ்வளவுதான். உங்களால முடியுமா மாப்பிள்ளை, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

நான் தலையணை உறையைப் பிய்த்து உயர்த்திக் காட்டினேன்.

"தூசி போகக்கூடாதுன்னு நான்தான் ஒட்டினேன்" என்றார் அத்தை, சமையலறையிலிருந்து அவசரமாக.

"மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா அது எப்படி அத்தை ஓடும்?"

மாமா அத்தையை ஒரு பார்வை பார்த்தார்.

கார்டைக் கழற்றித் தூசியை ஊதினேன். சிப்பின் மேல் காய்ந்து கிடந்த பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். தொண்ணூறு டிகிரியைத் தாண்டிக் கொதித்த கார்டு அறுபத்தைந்தில் சமர்த்தாக நின்றது. இனி விடிய விடிய ஓட்டலாம் என்று அறிவித்தேன்.

மாலையில் மாமா உட்கார்ந்தார். பஸ் மலையேறியது. வழக்கமாக நிற்கும் வளைவைத் தாண்டியும் ஏறியது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

அத்தை ஷூ மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே வந்து நின்றார். திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?" என் மனைவி காதைக் கடித்தாள். "அது அணைஞ்சாதான் அப்பா எழுந்து அம்மாகூட நடக்கப் போவார். அம்மாவுக்கு இருக்கறதே அந்த ஒரு மணி நேரம்தான்."

தூசியாவது மண்ணாவது! எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டிக்காரத்தனத்தை எங்கே காட்டுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? வெட்கமாக இருந்தது.

பஸ் அடுத்த ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அத்தை ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

திரை பட்டென்று இருண்டது.

"போச்சா!" மாமா வீடே கேட்கும்படி கத்தினார். "மறுபடி இன்ஜின் சூடாயிடுச்சு. இதுக்கா மாப்பிள்ளை காலையிலேர்ந்து இவ்வளவு பந்தா?"

"பாவம், விடுங்க. அவர் என்ன பண்ணுவார்?" என்றார் அத்தை. முகம் முழுக்கச் சிரிப்பு. அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கோ மானம் போயிற்று. அறுபத்தைந்தில் இருந்த கார்டு எப்படி அணையும்? அத்தைக்கு நல்லதாகப் போனது வேறு விஷயம். நான் செய்த வேலை பொய்யாகாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தேன்.

கார்டில் சூடே இல்லை. ஒயர்கள் சரியாக இருந்தன. தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தது.

அதன் மேல் மாமாவின் கால் கட்டைவிரல் இருந்தது.

மேலே அவர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கார்டு ரொம்பப் பழசு மாமா" என்றேன், அடியிலிருந்தபடியே, அத்தைக்குக் கேட்கும்படி. "என்னால இவ்வளவுதான் முடியும்."