கைப்பிடி

கடையில் இருப்பதிலேயே கனமான கம்ப்யூட்டரைக் கேட்டாள் ஜெனிட்டா.

"கோடிங் வேலைக்கு லேப்டாப்தான் மேடம் வசதி. எங்க வேணா எடுத்துட்டுப் போலாம்" என்றார் கடைக்காரர்.

எடுத்துக்கொண்டுதான் போயிருந்தாள். அம்மாவை அடக்கம் செய்த அன்று, பக்கத்துக் கல்லறைமேல் லேப்டாப்பை வைத்து ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தாள்.

"விண்டோஸ் போடவா, லினக்ஸா?"

"எதுண்ணே சீக்கிரம் ஆஃப் ஆகும்?"

"எல்லாரும் எது சீக்கிரம் ஆன் ஆகும்னுதான் கேப்பாங்க" என்று சிரித்தபடி லினக்ஸைப் போட்டார். பெட்டியை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தூக்கிப்போக வாகாக மேலே ஒரு கைப்பிடியும் முடிந்து தந்தார்.

அவள் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையில் போன் அதிர்ந்தது.

"அண்ணே, கத்தரிக்கோல் இருக்கா?"