நிற்காத சொட்டு

"இவனையேவா மறுபடியும் கூப்பிட்ட? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

வந்திருப்பவன் போன வாரம் வந்த அதே ஆள்தான் என்று மகள் சொன்னதற்குத்தான் அம்மா இப்படிக் கேட்டாள். வாசலில் டூல்ஸ் பையோடு நின்றிருந்தவனுக்கும் அது நன்றாகவே கேட்டது. அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தான்.

அம்மா அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய காலண்டர் அருகே போனாள். அன்றன்றைக்கு நடப்பதை அதில் எழுதி வைப்பது அவள் வழக்கம். மூன்று செவ்வாய்க்கிழமைகளின் கட்டங்களில் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். மூன்றிலும் ஒரே வரிதான்: 'ஹீட்டர் வால்வு ஒழுகுது. ஆள் வந்தான்.'

"மூணு வாட்டி வந்திருக்க. நீ வர்றப்பவும் ஒழுகுது, போனப்புறமும் ஒழுகுது. எந்தப் பக்கம் திருகணும்னாவது தெரியுமா உனக்கு?"

இன்றைக்குச் சரியாகிவிடும் என்றான் அவன். இதைத்தான் போன வாரமும் சொல்லியிருப்பாய் என்றாள் அம்மா.

குளியலறையில், ஹீட்டரின் அடியில் தண்ணீர் உள்ளே போகும் குழாயோடு ஒரு சின்னப் பித்தளை வால்வு இருந்தது. தொட்டிக்குள் அழுத்தம் ஏறினால் மட்டும் திறக்க வேண்டியது, எந்நேரமும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வைத்த வாளி நிரம்பி, தரை முழுக்க ஈரம்.

சுவிட்சை அணைத்துவிட்டு, வழக்கம்போல வால்வின் கைப்பிடியை இரண்டு தடவை தூக்கி இறக்கினான். அப்போது மகள் வாசற்படியில் வந்து நின்றாள். காலையில் அம்மா அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாகவும், முழங்கை வீங்கியதோடு போயிற்று என்றும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அவன் கை அப்படியே நின்றது.

"இன்னிக்குப் புதுசே மாட்டிடுங்க" என்றாள் மகள்.

புது வால்வு அவன் பைக்குள்தான் இருந்தது. மூன்று வாரமாக அதைக் கொண்டுவருவான், அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுபோவான்.

"மாட்டிட்டா ஒழுகாது. அப்புறம் என்னை இந்த வீட்டுக்குக் கூப்பிட வேலையே இருக்காதே."

அவன் கொஞ்ச நேரம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீரை அடைத்தான். பழைய வால்வைக் கழற்றினான். புதியதன் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினான். தப்பாகச் சுற்றிவிட்டுப் பிரித்து, மறுபடி சுற்றினான். மாட்டி முடித்ததும், யாரும் சொல்லாமலே தரையை மூலைமுடுக்கு விடாமல் துடைத்தான்.

தண்ணீர் நன்றாகச் சூடேறினால்தான் வால்வு தாங்குகிறதா என்று தெரியும். ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அம்மா குளியலறை வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் முழங்கையையே பார்த்தான். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டான்.

"என் கையை ஏன் பாக்குற? வால்வைப் பாரு."

பிறகு அவளாகவே பேசினாள். தனக்கும் ஒரு மகன் உண்டு, அவன் கை பட்டால் எதுவும் ஒரே தடவையில் சரியாகிவிடும் என்றாள். எங்கேயோ தூரத்தில் வேலையாம், வர நேரமில்லையாம். அவன் மட்டும் இருந்திருந்தால் இந்த மாதிரி ஆட்களையெல்லாம் படியேற விட்டிருக்கவே மாட்டாளாம். கேட்டவன் தலையை ஆட்டினான். மகள் சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. வாளியில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

அம்மா எழுந்து வால்வின் அடியில் புறங்கையை நீட்டிப் பார்த்தாள். காய்ந்த கையோடு திரும்பி, முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல? சரி, போ. இனிமே நீ வர வேண்டாம்ப்பா."

"சரிம்மா" என்றான். டூல்ஸ் பையை மெதுவாகத் தோளில் மாட்டிக்கொண்டான்.

மகள் கேட் வரைக்கும் கூடவே வந்தாள். அவன் தெருவில் இறங்காமல், கம்பியைப் பிடித்தபடி வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்து வழிந்ததை அவன் துடைக்கவும் இல்லை. அவள் திரும்பி, அம்மா ஜன்னலில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்தாள்.

"அழாதண்ணா. பெத்த புள்ளைன்னு வந்தாத்தான் நம்ம அம்மா யாரோன்னு பயந்து கதவைச் சாத்துறாங்க, அடுத்த வாரம் இந்த முகமும் மறந்திருக்கும், ஃபேன் ரிப்பேர் பண்றவனா வா."