கழுத்தை விடாத கை

"இந்த வருஷம் நம்ம ஏரியாவுல ஒரு செயின் பறிப்புகூட கிடையாது" என்று மேடையில் அறிவித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். கல்யாண மண்டபம் நிறையப் பெண்கள். சத்தமே இல்லை. எல்லோருடைய வலது கையும் முந்தானைக்குள் கழுத்துச் சங்கிலியை இறுகப் பிடித்திருந்தது. "கையை எடுத்துட்டுத் தட்டுங்கம்மா. போலீஸ் நாங்க இருக்கோம்ல?" முன்வரிசையில் செண்பகவல்லி எழுந்தாள். போன மாதம் பைக்கில் வந்தவன் அவள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். "பறிச்சான்னு எழுதினா கோர்ட்டு கேஸுன்னு அலையணும். தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடும்மா" என்றார்கள் ஸ்டேஷனில். அப்படியே எழுதிக் கொடுத்தாள். இப்போது அந்தக் கழுத்தில் ஆறாத காயமும் ஒரு மஞ்சள் கயிறும்தான். அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கையை இறக்கப் பார்த்தாள். வரவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் இன்னும் இறுகி, மூச்சு முட்டியது. "வர மாட்டேங்குது சார்" என்று அழுதாள். "நீங்களாவது வந்து எடுத்து விடுங்க சார்." இன்ஸ்பெக்டர் சிரித்தபடி மேடையை விட்டு இறங்கி வந்து, அவள் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினார். மண்டபமே அலறியது.