தலை எண்ணும் ஞாயிறு

"அக்கா, கிளம்பு கிளம்பு. அத்தான், உங்க செருப்பையும் கையோட எடுத்துக்குங்க. ஓனரம்மா தெருமுனை திரும்பிட்டாங்க!"

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி டெய்லர் விரட்டினான்.

"கூடப்பொறந்தவன் வீட்டுலேயே திருடி மாதிரி ஒளிய வேண்டியிருக்கு" என்று அக்கா முனகினாள்.

"மாடிக்குப் போய் சத்தமா திட்டிக்கக்கா. இங்க வேணாம்."

இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. எட்டு மாதமாக இதே கூத்துதான்.

வாடகை அக்ரிமெண்டில் இருப்பது நாலு பேர். டெய்லர், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். அக்கா இருந்த வீட்டில் வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டதில், "ஒரே வாரம்டா" என்று மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் அவளும் அத்தானும். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

ஒரு ஹால், ஒரு ரூம். துணி வெட்டும் மேஜைக்கு அடியில்தான் அத்தானுக்குப் படுக்கை. அவர் தூக்கத்தில் புரண்டால் மேஜைக்கால் இடிக்கும், மேலே இருக்கும் கத்திரிக்கோல் விழும், வீடே எழுந்து உட்காரும். பாத்ரூமுக்கு முறை வைத்தார்கள். பிறகு அந்த முறையை வைத்தே சண்டை போட்டார்கள். டெய்லரும் மனைவியும் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் காய்கறி வாங்கப் போக வேண்டும். பிள்ளைகள் சிரிக்கும்போதுகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டார்கள்.

இதையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை. இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கேட்டபோது புரோக்கர் பதில் சொல்லவில்லை. சிரித்தான்.

ஓனரம்மா உள்ளே வந்தார். சுற்றிலும் ஒரு பார்வை.

"கொடியில ரெண்டு அளவுல ஆம்பளை சட்டை தொங்குதே?"

"கஸ்டமர் சட்டைங்க மேடம்."

"ஈரமா இருக்கு?"

"சாயம் போகுதான்னு நனைச்சுப் பார்த்தேங்க."

ஓனரம்மா பாத்ரூமை எட்டிப் பார்த்தார்.

"பிரஷ் ஆறு இருக்கு?"

"காலைக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுங்க" என்று முந்திக்கொண்டாள் மனைவி.

"அப்ப எட்டுல்ல இருக்கணும்?"

"பிள்ளைங்க ரெண்டும் ராத்திரி பல் விளக்காதுங்க."

அதற்குமேல் ஓனரம்மா கேட்கவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எப்போதும் அப்படித்தான். உட்கார்ந்தால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் எழுந்ததில்லை.

"வேவு பார்க்கறதுக்குன்னே வருது" என்று சமையலறையில் டெய்லர் பல்லைக் கடித்தான். "சொந்த வீடு இருக்கிற திமிரு!"

"மெதுவா. காதுல விழப்போகுது."

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. ஓனரம்மா அசையவில்லை. மேலே வெயில் தீயாய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், உங்களுக்கு நேரமாகலையா?"

"எனக்கென்ன அவசரம்?"

ஒரு மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. அத்தான், அக்காவைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். அவள் கண் சொருகியிருந்தது.

"தண்ணி" என்றாள்.

ஓனரம்மா சட்டென்று எழுந்தார்.

"அவங்க கஸ்டமர், ஆன்ட்டி" என்றாள் சின்ன மகள், யாரும் கேட்காமலே.

டெய்லருக்குப் பொறுமை அறுந்தது.

"கஸ்டமருமில்ல, ஒண்ணுமில்ல. எங்க அக்கா, அத்தான். எட்டு மாசமா இங்கதான் இருக்காங்க. காலி பண்ணச் சொல்றதுன்னா சொல்லிட்டுப் போங்க! மாசா மாசம் வந்து பிரஷ் எண்ணறீங்களே, மூணு மணி நேரம் ஒரு மனுஷி மொட்டை மாடி வெயில்ல கிடந்தா என்ன ஆகும்னு தெரியுமா? சொந்த வீடு வச்சிருக்கறவங்களுக்கு ஒளிஞ்சு வாழறதைப் பத்தி என்ன மேடம் தெரியும்?"

"என்னங்க..." என்று மனைவி அவன் கையைப் பிடித்தாள். கொட்டியதை அள்ள முடியாது.

ஓனரம்மா அக்காவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரே குடிக்கக் கொடுத்தார். முந்தானையால் விசிறினார்.

அவருடைய போன் அடித்தது.

"சொல்லுப்பா... போயிட்டாரா? ஏன் இன்னிக்கு இவ்வளவு நேரம்? ஏதாவது கேட்டாரா? சரி, சரி. கிளம்பிட்டேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு டெய்லரைப் பார்த்தார்.

"ஆறு பேருன்னு முதல் மாசமே தெரியும். நான் வர்ற நேரம் எங்கேயோ வெளிய போயிடறாங்கன்னு நினைச்சேன். மாடியில நிக்க வைக்கறீங்கன்னு தெரியாது. இனிமே அனுப்பாதீங்க."

டெய்லர் மனைவியைப் பார்த்தான். "அப்ப... சட்டை, பிரஷ்னு கேட்டதெல்லாம்?"

"வந்ததுக்கு ஏதாவது கேக்கணுமே."

"எதுக்கு மேடம் வரணும்?"

ஓனரம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இந்த வீட்டு வாடகையை வாங்கித்தான், எம்பையன் வேலைக்குப் பக்கத்துல ஒரே ஒரு ரூம் எடுத்திருக்கான். அங்க அக்ரிமெண்ட்ல மூணு பேரு, நான் நாலாவது. முதல் ஞாயிறு ஆனா அந்த ஓனர் தலை எண்ண வந்துடறாரு. அவர் போற வரைக்கும் நான் எங்க போய் உக்காருறது, சொல்லுங்க?"