தப்பு வாசிக்கிற சாப்ட்வேர்

"தம்பி, இது தப்பா வாசிக்குமா?" என்று கணேசமூர்த்தி கேட்டதும், மலாக்கா பண்டார் ஹிலிர் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஷரீஃபுதீன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். தப்பே வராத சாப்ட்வேர் கேட்டு வருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

முதலில் அவர் காட்டியது, இசைக் குறியீடுகளை அழகாக எழுதி அச்சடித்துக் கொடுக்கும் சாப்ட்வேர். வாசிக்கச் சொன்னால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் வாசித்தது. கணேசமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டாவது, கீபோர்டில் நாம் வாசிப்பதைப் பதிந்துவைத்துத் திரும்ப வாசித்துக் காட்டும். தாளம் பிசகினால் தானே சரிசெய்தும் விடும் என்று ஷரீஃபுதீன் பெருமையாகச் சொன்னார்.

"சரி பண்ணக் கூடாது தம்பி. அதை நிறுத்த முடியுமா?"

"நிறுத்தலாம்ண்ணே. ஆனா தப்பு அப்படியே கேக்குமே?"

"அதான்லா வேணும். தப்பே இல்லாட்டி, மனுசன்தான் வாசிக்கிறான்னு யாரு நம்புவா?"

ஷரீஃபுதீன் மேற்கொண்டு துருவவில்லை. விற்றால் போதும் என்று பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் வேறொன்றுமில்லை. கணேசமூர்த்திக்கும் மனைவி பூங்காவனத்துக்கும் இனிப்பு நீர் வியாதி. டாக்டர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து எச்சரித்த நாளிலிருந்து, காஜா பெராங் முச்சந்தியில் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றித் தரும் செண்டோல் கடைப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பது பூங்காவனத்தின் சட்டம்.

சுதந்திரத்தின் நாற்பதாம் ஆண்டு விழாவில் கீபோர்டு வாசிக்க அவர் ஒப்புக்கொண்டபோது, தினமும் சாயங்காலம் பயிற்சி செய்யச் சொன்னதும் அவள்தான். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். வாசிப்பு நின்றால் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பாள் என்று அவருக்குப் பயம். செண்டோலில் ஊற்றும் அந்தக் குலா மலாக்கா வெல்லப்பாகுக்கு ஏங்கி ஏங்கி மனுசனுக்கு நாக்கே செத்துப் போயிருந்தது.

வாங்கிய அன்றே உட்கார்ந்து விழாப் பாட்டைப் பதிந்தார். சரணத்தில் வேண்டுமென்றே தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் சாயங்காலம் கம்ப்யூட்டரை வாசிக்க விட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டார். அடுப்படியில் கல்லுரலில் சம்பல் இடிக்கும் சத்தம். நடுவில் ஓர் இருமல், உடனே பாத்திர மூடி ஒன்று விழுந்து உருண்டது.

நேற்றும் அந்த இருமலுக்குப் பிறகுதான் மூடி விழுந்தது. பாவம், வயசாகிறது, கையில் பிடிமானம் குறைந்துவிட்டது என்று அவர் மனம் இளகியது. ஆனாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வழியாக நழுவிவிட்டார்.

செண்டோல் கடையின் கடைசி மேசையில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். கிண்ணம் பாதி காலி.

கணேசமூர்த்தி எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீ இங்க இருந்தா, வீட்டுல சம்பல் இடிக்கிறது யாரு?"

பூங்காவனம் பதறவில்லை. நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கேசட்டுங்க. ஒரே மாதிரி இடிச்சுக்கிட்டே இருந்தா நம்ப மாட்டீங்கன்னு, நடுவுல மூடியையும் கீழ போட்டு வச்சேன்."