ஆஸ்பத்திரி டப்பா

“நல்லா யோசிச்சி எடுங்க சார். ஆஸ்பத்திரில வேணாம்னு தூக்கிப் போட்ட டப்பா இது. நாளைக்குப் பொகை வந்தா எங்களக் கேக்கக் கூடாது!”

மோரைக் கொடுத்துவிட்டு அமுதம் சொன்ன வேகத்தில், கம்ப்யூட்டர் வாங்க வந்து அதைக் குடித்துக்கொண்டிருந்த டேனியல் சாருக்குப் புரையேறிவிட்டது.

கலைவேந்தனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பெண்டாட்டியே இப்படிச் சொன்னால் வாங்க வந்தவர் என்ன நினைப்பார்?

அரியூரில் வேறு யாரும் அவனை இப்படிப் பேசுவதில்லை. ‘செத்த பொட்டிய எழுப்பறவன்’ என்றுதான் அங்கே அவனுக்குப் பேர்.

ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில், திரைக்குப் பின்னால் புத்தகம் கனத்துக்கு ஒரு பொட்டி இருக்கும். தின் கிளையன்ட் என்பார்கள். அதற்கென்று சொந்தப் புத்தி கிடையாது. எங்கோ உள்ளறையில் இருக்கும் சர்வர் சொல்வதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். புது சாமான் வந்ததும் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போய்விடும்.

அப்படிப் போனதை வில்லியனூர் மாலிக்கின் பழைய சாமான் கடையிலிருந்து வரவழைத்து, உள்ளே நகத்தளவு மெமரி ஒன்றைப் பொருத்தி, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டராக மாற்றிவிடுவான் கலைவேந்தன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தட்டினால் பதில் சொல்லும். சொன்னபடி கோடு போடும். பாம்பு விளையாட்டு ஓடும். விளம்பரம் கிடையாது, ரீல்ஸ் கிடையாது. யார் சொல்லுக்கும் காத்திராமல் சொந்தக் காலில் நிற்கும்.

வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டோடு வந்தவனை நிமிர்ந்து நடக்க வைத்ததே இந்தப் பொட்டிதான். அவன் கை பட்டு எழாத பொட்டி இதுவரை ஒன்றுகூட இல்லை. கைராசி என்றார்கள். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு விரியும்.

ஆனால் ஊரே மெச்சி என்ன? அமுதம் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அந்த ஒன்றுக்குத்தான் அவன் ஏங்கிக் கிடந்தான்.

டேனியல் சார் சிரித்துக்கொண்டே வாயைத் துடைத்தார். “பொகை வந்தா வரட்டும்மா. எங்க ஏம்பலம் படிப்பகத்துக்கு இவரு குடுத்தது அருமையா ஓடுது. பசங்க அதுல நட்சத்திரக் கோலம் போடுதுங்க. கலை, ஞாயித்துக்கெழம படிப்பகத்தோட புதுக் கட்டடத் தொறப்பு விழா. இன்னும் ரெண்டு வேணும். முடியுமா?”

“முடியும் சார்.”

“முடியும், முடியும்,” என்றாள் அமுதம். “அடுப்புக்கு கேஸ் ட்யூப் மாத்தச் சொன்னா முடியாது. ஆஸ்பத்திரி டப்பாவ மடியில வெச்சிக் கொஞ்சறதுன்னா முடியும்.”

சார் கிளம்பிப் போனதும் கலைவேந்தன் வெடித்தான். “ஆளுங்க முன்னாடி இன்னாத்துக்குடி என் மானத்த வாங்கற? ஒரு வாட்டி நல்லா கீதுன்னு சொல்லிட்டா வாய் வெந்துடுமா?”

அமுதம் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழக்கமாக போன் செய்தால் போதும், மாலிக் ஷேர் ஆட்டோவில் பொட்டிகளை ஏற்றி அனுப்பிவிடுவான். அன்றைக்கு இருந்த கோபத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், கலைவேந்தனே வண்டியை எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனான்.

கடை மூலையில் ஒரு குவியல் கிடந்தது. குனிந்து இரண்டு பொட்டிகளைத் தூக்கினான்.

மாலிக் ஓடி வந்தான். “ஐயோ அண்ணா, அதுல கை வெக்காத! அது அண்ணி வேணாம்னு தள்ளினது!”

“எந்த அண்ணி?”

“எத்தினி அண்ணி இருக்காங்க உனக்கு?” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “அடடா, சொல்லக் கூடாதுன்னாங்களே...”

“சொல்லுடா.”

“வெள்ளிக்கெழமல கோயிலுக்கு வராங்க இல்ல? சாமி கும்புட்டதும் நேரா இங்கதான். ஒவ்வொரு பொட்டியா டிவில சொருகு, கரண்ட் குடுன்னு என் உயிர எடுப்பாங்க. லைட்டு எரியறது உனக்கு. எரியாதது இந்த மூலைக்கு. ‘அந்த மனுசன் ஒரு வாட்டி தோத்து வூட்டுக்கு வந்துட்டாரு தம்பி. இன்னொரு வாட்டி தோத்து நிக்கறத என்னால பாக்க முடியாது’ன்னாங்க.”

கலைவேந்தன் பக்கத்தில் கிடந்த பழைய வாஷிங் மெஷின்மேல் உட்கார்ந்துவிட்டான். தன் கை, தன் கை என்று நினைத்துக்கொண்டிருந்ததில் இன்னொரு கையும் இருந்திருக்கிறது.

“அப்புறம் ஏண்டா ஆளுங்க முன்னாடி அந்தத் திட்டு திட்டறா?”

“நானும் கேட்டேண்ணா. ‘கொழந்த அழகா இருந்தா கன்னத்துல மை வெக்கறோம் இல்ல, அதாட்டம்தான். ஊரே அந்த மனுசன் மேல கண்ணு வெக்குது. வூட்டுல நானாவது திட்டிக்கினு இருக்க வேணாமா’ன்னாங்க.”

மாலிக் எரிகிற பொட்டிகளாக இரண்டைத் துடைத்துக் கொடுத்தான்.

வீடு திரும்பியபோது வாசலில் பக்கத்து வீட்டு சின்னபொண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள் அமுதம். வண்டியைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

“வந்துட்டாரு பாருடி, குப்பத்தொட்டிக்குப் பொறந்த வாரிசு! போன எடத்துல இன்னாத்த பொறுக்கிக்கினு வந்துருக்குதோ!”

கலைவேந்தன் நிதானமாக வண்டியை நிறுத்தினான். பொட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, மாலை வாங்கியவன்போல நிமிர்ந்து வந்து அவள் எதிரில் நின்றான்.

“இன்னாடி, தொண்ட கட்டிக்கிச்சா? இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டு. ஏம்பலம் வரைக்கும் கேக்கட்டும்.”