கதவில்லாத வீடு

எழுமலைக்கு மேற்கே கடலைக்காட்டின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மடித்த கறுப்புக் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி வரப்பில் நிற்கிறார் வக்கீல் முத்திருளன். கூலியாள் குடியிருக்கும் வீடு கூலியாளுக்கே சொந்தம் என்கிறது புதிதாய் வந்த சட்டம். இந்தக் காட்டில் கூலி வேலை செய்யும் தங்கப்பொண்ணு, நாலு பக்கமும் ஓலை மறைத்த குடிசையில் குடியிருக்கிறாள். சுவரில்லை, கதவில்லை, சட்டம் சொல்கிற வீடு இதுவல்ல, காவலுக்குப் போட்ட பந்தல்தான் என்று வாதாடி, காட்டின் சொந்தக்காரருக்கு ஜெயித்துக் கொடுத்தவர் அவர். அன்று அந்த வாதம் அவருக்கே இனித்தது. இன்று கோர்ட்டு அமீனா வந்து குடிசையைக் காலி செய்யச் சொல்கிறார். தங்கப்பொண்ணு அம்மிக்கல்லையும் ஈயச் சட்டியையும் வெளியே கொண்டுவந்து வைக்கிறாள். அவள் காலையில் பற்றவைத்த அடுப்பின் புகை கூரை இடுக்கில் இன்னும் கசிகிறது. "வா தாயி, நேரமாச்சு" என்கிறார் அமீனா. "இருங்கய்யா, கதவச் சாத்திட்டு வாரேன்." ஓலைத் தட்டியை இழுத்து நிறுத்திக் கம்பத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுகிறாள். "பிரிக்கப் போறதுக்கு எதுக்குத் தாயி கட்டுற?" "தொறந்து கெடந்தா நாய் பூந்துரும்யா." முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்கிறாள். கூரை பிரிக்க வந்த ஆட்கள் அரிவாளோடு வக்கீலைப் பார்க்கிறார்கள். அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.